சின்னக் கல்லூரியிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு ஆய்வு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம், வாளையாறு என்று பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டை ஒட்டிய நம்ம எல்லைப் பக்கத்துக் கல்லூரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும், பிஎச்.டி. தொடங்கியிருக்கும் மாணவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்ய ஆசை, எங்கிருந்து தொடங்குவது? அதெல்லாம் ஐஐடிக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும்தான் நடக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நமக்கும் நடக்கும். வரிசைதான் முக்கியம். முதலில் ஒரு சின்ன வேலை, அப்புறம் ஒப்பந்தம், கொண்டாட்டம் அதற்கும் அப்புறம். நிறைய இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையெழுத்து விழா தடபுடலாக நடக்கும், மூன்று வருஷம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை கூட இருக்காது. பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதலில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

அவர்களிடம் கருவி இருக்கும், நிதி இருக்கும். அவர்களிடம் இல்லாதது நம்ம ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்குள்தான் நாம் குடியிருக்கிறோம், ஜூன் மாதத்தில் அந்த வழியாக அடிக்கும் காற்று நமக்குத் தொந்தரவு, ஆனால் வானிலை படிப்பவர்களுக்கு அது பாடம். கேரளம் என்றாலே மழை என்று உலகம் நினைக்கிறது. சித்தூர் வட்டாரமோ நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஒரு காலத்தில் குறித்த இடம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும், அது வருகிறதா, எப்போது வருகிறது, கடைமடைக்கு எவ்வளவு போகிறது என்பதெல்லாம் இரண்டு மாநிலம் ஒரு ஆற்றைப் பங்குபோட்டுக்கொள்வதை ஆராய்கிற எவருக்கும் உயிரான கேள்விகள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும் என்று வளரும் குழந்தைகள், பரணில் தூங்கும் ஓலைச்சுவடிகள், நிலக்கடலை, மட்டை அரிசி, தென்னங்கள்ளு, எது உங்கள் துறைக்குப் பொருந்துமோ அது.

ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: கேள்வி என்ன, தரவு எத்தனை வருஷத்துக்கு இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எதை நம்மால் தனியாகச் செய்ய முடியவில்லை. இந்தக் கடைசி வரிதான் கூட்டாளி யார் என்பதைத் தீர்மானிக்கும்.

நம்ம வட்டாரம் உலக அறிவியலுக்குப் புதிதும் அல்ல. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியது. உலகக் கரும்பு இனத்தொகுப்பைப் பாதுகாக்கும் இடங்கள் இரண்டு: ஒன்று அமெரிக்காவின் மயாமி, இன்னொன்று அந்த நிலையத்தின் கண்ணூர் மையம்.

ஆளைத் தேடுங்கள்

பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்த்துத் தேடாதீர்கள், கட்டுரையைப் பார்த்துத் தேடுங்கள். உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் யார் எழுதியிருக்கிறார்கள், அவர்கள் எந்த நாட்டுத் தரவை வைத்து எழுதியிருக்கிறார்கள், கட்டுரை முடிவில் "இந்தியாவிலிருந்து நீண்டகால அளவீடுகள் கிடைக்கவில்லை" என்கிற மாதிரி வரி இருக்கிறதா. இருந்தால் அந்த மனிதர்தான் உங்களுக்கு வேண்டியவர். துறைத் தலைவருக்கு எழுதுவதைவிட அந்தக் கட்டுரையின் முதல் பெயருக்கு, பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்து ஆய்வு செய்துகொண்டிருக்கும் இளைஞருக்கு, எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம். கட்டுரை காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும் என்றால், அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' வழியாக ஆயிரக்கணக்கான ஜர்னல்கள் திறந்திருக்கின்றன, உங்கள் நூலகரிடம் கேளுங்கள்.

மெயில் எழுதும்போது நம்ம ஆபீஸ் கடித வழக்கத்தை விட்டுவிடுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் கல்லூரி பசுமையான சூழலில்..." என்று தொடங்கும் மெயிலும் பன்னிரண்டு பக்க பயோடேட்டாவும் அப்படியே கிடக்கும். முதல் இரண்டு வரியில் அவருடைய எந்தக் கட்டுரையில் எந்த வரைபடம் உங்களை நிறுத்தியது என்று சொல்லுங்கள். அடுத்த இரண்டு வரியில் உங்களிடம் என்ன தரவு இருக்கிறது. அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள், அதுவும் சின்னது: அரைமணி நேரம் வீடியோவில் பேசலாமா. அந்த ஒரு பக்கக் குறிப்பை மட்டும் இணையுங்கள். கையெழுத்துக்குக் கீழே உங்கள் ஆர்கிட் எண்ணை, அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் அடையாள எண்ணை, போடுங்கள்; 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடும், நம்ம ஊரில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் அதன் அருமை தெரியும்.

இரண்டு வாரம் பாருங்கள். பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். ஆகஸ்டு மாதம் ஐரோப்பாவில் பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள், டிசம்பர் கடைசியும் அப்படித்தான், அந்த நேரத்தில் எழுதிவிட்டு மனம் தளராதீர்கள்.

ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து முடியுங்கள்

முதல் வீடியோ பேச்சு நன்றாகப் போனால் உடனே பெரிய திட்டம் பேசத் தோன்றும். வேண்டாம். நான்கு மாதத்தில் முடியக்கூடிய ஒன்றை எடுங்கள்: இரண்டு வகுப்பு மாணவர்களும் சேர்ந்து இணையத்தில் செய்யும் ஒரு பயிற்சி, ஒரு கூட்டு விரிவுரை, அல்லது ஒரே அளவீட்டை இரண்டு ஊரிலும் செய்து ஒப்பிடுவது.

கிணற்று நீர்மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பு டேப்பின் நுனிப் பகுதியில் சாக்பீஸைத் தேய்த்து இறக்கினால், நனைந்த இடம் வரை நிறம் மாறி நிற்கும். மேலே பிடித்த அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டம். எளிமையான வேலைதான், ஆனால் மேலே பிடித்தது எங்கே? ஒரு மாணவி கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பில் பிடிப்பாள், இன்னொருவன் தரைமட்டத்தில் பிடிப்பான், நம்ம பக்கத்துச் சுவர்கள் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புயரம் வரை எல்லாம் உண்டு. சுவரின் உயரம் குறிக்கப்படவில்லையென்றால் அந்த எண் எதற்கும் உதவாது. மோட்டார் ஓடி எத்தனை நேரம் ஆயிற்று என்று கேட்டு எழுதாவிட்டாலும் அப்படித்தான். இந்த மாதிரி விஷயங்களை இரண்டு தரப்பும் உட்கார்ந்து ஒரு பக்க வழிமுறையாக எழுதி முடிக்கும்போதுதான் அவர்களால் உங்களோடு வேலை செய்ய முடியுமா, உங்களால் அவர்களோடு முடியுமா என்று தெரியவரும். ஒப்பந்தப் பேச்சில் அது தெரியவே தெரியாது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. நமக்கு மாலை 5 என்றால் அங்கே கோடையில் 1.30, குளிர்காலத்தில் 12.30. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரத்துக் கூட்டங்களுக்கு இந்திய நேரத்தையும் சேர்த்தே எழுதி அனுப்புங்கள்.

ஒப்பந்தமும் அனுமதிகளும்

சின்ன வேலை முடிந்து இருவருக்கும் தொடர ஆசை இருந்தால் எம்.ஓ.யூ. என்கிற புரிந்துணர்வு ஒப்பந்தம் பேசலாம். அதில் யார் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுக் கல்லூரி, எய்டட் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என்று ஒவ்வொன்றுக்கும் மேலே போகும் வழி வேறு, இணைப்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டியதும் இருக்கலாம், பிரின்சிபால் சரி என்றால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவான ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருந்தால் போதும். அதோடு ஒரு வருஷத்து வேலைத்திட்டத்தை இணைப்பாக வையுங்கள்: என்ன வேலை, இரண்டு பக்கமும் பொறுப்பாளர் யார், எந்த மாதம் என்ன முடியும். இந்த இணைப்பு இல்லாத ஒப்பந்தத்துக்கு உயிர் கிடையாது.

கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்றெல்லாம் யாராவது தொடக்கத்திலேயே பேசினால் நிதானமாக இருங்கள். யூஜிசியின் 2022 விதிமுறைப்படி, தனி அனுமதியில்லாமல் அதைச் செய்ய கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் குறைந்தது 3.01, அல்லது மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100க்குள் இடம், அல்லது உயர்சிறப்பு நிறுவனம் என்கிற தகுதி வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் உலகத் தரவரிசையில் முதல் 1000க்குள் இருக்க வேண்டும். ஆய்வுக் கூட்டுக்கு இந்தத் தடை இல்லை, அதனால் ஆய்விலிருந்தே தொடங்குங்கள்.

அனுமதிகளில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விதை, இலை, மண்ணில் உள்ள நுண்ணுயிர், மீன், எதுவாக இருந்தாலும் நம்ம உயிரியல் வளத்தை வெளிநாட்டவர் ஆய்வுக்கு எடுக்க 2002 பல்லுயிர்ச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஆணையம் சென்னையில் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டுத் திட்டங்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு, ஆனால் உங்கள் திட்டம் அதில் வருகிறதா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல், விருந்தினர் ஆசையாகக் கேட்டார் என்று ஒரு பிடி நெல்விதையைக் கூடப் பையில் போட்டு அனுப்பாதீர்கள். உடல்நலம், ரத்த மாதிரி சம்பந்தப்பட்ட கூட்டு ஆய்வு என்றால் உள்ளூர் நெறிமுறைக் குழுவோடு முடியாது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். பரம்பிக்குளம் காட்டுக்குள் என்றால் வனத்துறை. அட்டப்பாடி மாதிரிப் பழங்குடி ஊர்கள் என்றால் பழங்குடி மேம்பாட்டுத் துறையிடம் முன்கூட்டியே எழுதுங்கள், அதோடு ஊர்த் தலைவரான மூப்பனிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இரண்டில் எதையும் விட முடியாது.

ஒப்புதல் படிவம் எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். கேரளம் என்பதால் மலையாளத்தில் மட்டும் அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். எருத்தேம்பதியிலோ வடகரப்பதியிலோ ஒரு தமிழ்ப் பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. தமிழிலும் எழுதுங்கள், அதுவும் நாம் வீட்டில் பேசுகிற மாதிரித் தமிழில்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டு நிதி நேராகக் கல்லூரிக் கணக்குக்கு வருவது என்றால் வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் 2010 எஃப்சிஆர்ஏ சட்டம் குறுக்கே வரும். பதிவோ முன் அனுமதியோ வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். ஆகவே தொடக்கத்தில், அவரவர் செலவை அவரவர் நாட்டு நிதியிலிருந்து பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் நிம்மதி. கூட்டு ஆய்வுக்காக 2018இல் தொடங்கிய ஸ்பார்க், வெளிநாட்டுப் பேராசிரியர்களை அழைத்துப் பாடம் நடத்த 2015இல் தொடங்கிய கியான் போன்ற மத்திய அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் தரவரிசையில் உள்ள நிறுவனங்களுக்குத்தான் எட்டும், ஆனால் நமக்குக் கஞ்சிக்கோட்டிலேயே ஐஐடி இருக்கிறது, 1927இலிருந்து இயங்கும் பட்டாம்பி நெல் ஆய்வு நிலையம் இருக்கிறது, அவர்களோடு மூன்றாவது கூட்டாளியாகச் சேர முடியுமா என்று போய்க் கேளுங்கள். தனி ஆளுக்கு ஜெர்மனியின் டாட், அமெரிக்காவுக்குப் போக ஃபுல்பிரைட்-நேரு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி உதவித்தொகைகள் உண்டு. சுவடி வைத்திருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழியும் நிலையிலுள்ள ஆவணங்கள்' திட்டம் நல்ல வழி, 2004இலிருந்து நடக்கிறது. அதில் மூலச் சுவடி ஊரை விட்டு நகராது, மின்படம் மட்டும்தான் பகிரப்படும். தமிழ்த்துறைக்காரர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு தூரக்கிழக்குப் பள்ளியும் ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியில் 2014 முதல் செய்த செவ்வியல் தமிழ்ச் சுவடி வேலையைப் பாருங்கள், எப்படி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம் என்பது தெரியும்.

யார் பெயர், யார் தரவு

இதை முதல் மாதத்திலேயே பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். நம்ம பிள்ளைகள் வெயிலில் அலைந்து சேர்த்த தரவில் வரும் கட்டுரையில் அவர்கள் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்கிப் போவது எல்லாத் துறையிலும் நடக்கிறது. கட்டுரையில் யார் என்ன செய்தார் என்று குறிக்க 14 வகைப் பங்களிப்புகளைக் கொண்ட கிரெடிட் என்ற பட்டியலைப் பல ஜர்னல்கள் இப்போது கேட்கின்றன. வேலை தொடங்கும்போதே அந்தப் பட்டியலை வைத்துப் பெயர்களை நிரப்பிக்கொள்ளுங்கள். தரவு இரண்டு இடத்திலும் இருக்கட்டும், நம்ம சர்வரில் ஒரு முழுப் பிரதி இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள். தலச்சேரியில் பிறந்து, 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு செய்த அந்த அம்மா, பிறகு இங்கிலாந்தில் மரபியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை 1945இல் வெளியிட்டார், இருவர் பெயரும் அட்டையில் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே அது முடிந்திருக்கிறது. இன்றைக்கு நம்ம மாணவி அதைவிடக் குறைவாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

விருந்தினர் வரும்போது

டூரிஸ்ட் விசாவில் வந்து களப்பணி செய்யக் கூடாது. ஆய்வுக்கு ஆய்வு விசா, மாநாட்டுக்கு மாநாட்டு விசா. அழைப்புக் கடிதத்தை மாதக்கணக்கில் முன்னால் அனுப்புங்கள். தங்கும் இடம், கல்லூரி கெஸ்ட் ஹவுஸாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் அவர் வந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும், சி ஃபார்ம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவி எதுவும் அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள், ட்ரோனும் அப்படித்தான். சித்தூர் என்று மட்டும் எழுதினால் ஆந்திரச் சித்தூருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். பாலக்காடு மாவட்டம், இறங்க வேண்டியது கோயம்புத்தூர் விமான நிலையம் என்று எழுதுங்கள்.

களத்துக்குப் போகும்போது ஊர்க்காரர் கேட்கும் கேள்விக்குத் தயாராக இருங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாணவர்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்துக்காரர் கேட்டார்: "ஏனுங்க சார், போன வருசமும் வந்து அளந்துட்டுப் போனாங்களே, அந்தக் கணக்கு என்னாச்சுங்க?" வேறு யாரோ அளந்துவிட்டுப் போனது அது. கொக்கோகோலா ஆலைக்கு எதிரான பிளாச்சிமடைத் தண்ணீர்ப் போராட்ட காலத்திலிருந்து பல நாட்டு ஆய்வாளர்களைப் பார்த்துவிட்ட வட்டாரம் இது, பேட்டி கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள் நிறைய. அவருக்குப் பதில் சொல்லும் கடமை வெளிநாட்டுக்காரரைவிட நமக்கு அதிகம், ஏனென்றால் நாளைக்கும் அவர் முகத்தில் விழிக்கப் போகிறவர்கள் நாம்.

கொண்டாட்டம்

கொண்டாடுங்கள், மனமாரக் கொண்டாடுங்கள். இரண்டு நாட்டுப் பிள்ளைகள் ஒரே கேள்விக்குச் சேர்ந்து உழைத்தது ஒரு கல்லூரி வாழ்க்கையில் சாதாரண விஷயமே அல்ல. ஆனால் கையெழுத்துப் போட்ட நாளை விட்டுவிட்டு முதல் முடிவு வந்த நாளை எடுங்கள். தண்ணீர் சம்பந்தப்பட்டது என்றால் மார்ச் 22 உலக நீர் நாள், மற்றபடி பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், மொழி என்றால் பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள். மாசியில் சித்தூர்க் கோயில் திருவிழாவான கொங்கன்படை எந்த நாள் என்று பார்த்துக்கொண்டு தேதி வையுங்கள், அன்றைக்கு ஊரில் யாரும் கல்லூரிப் பக்கம் வரமாட்டார்கள்.

மேடையில் நாற்காலி போடும்போது கிணற்றுக்காரருக்கு ஒன்று, களத்துக்கு வண்டி ஓட்டியவருக்கு ஒன்று, லேப் அசிஸ்டென்டுக்கு ஒன்று. வாழ்த்துரைகளை மூன்றோடு நிறுத்துங்கள். மாணவர்கள் செய்த போஸ்டர்கள் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும், பக்கத்தில் அந்த மாணவரே நின்று விளக்கட்டும். வெளிநாட்டு மாணவர்கள் வீடியோவில் வருவார்கள் என்றால் கரண்ட் போனாலும் நிற்காத மாதிரி யூபிஎஸ்ஸும், கல்லூரி வைஃபையோடு ஒரு மொபைல் டேட்டாவும் தயார் வையுங்கள், முந்தின நாள் அதே நேரத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சாப்பாடு இலையில் போடுங்கள், விருந்தினருக்குக் காரம் குறைவாக ஒரு கூட்டு இருந்தால் போதும்.

மிக முக்கியமானது அந்த ஒரு பக்கத் தாள். அளந்த கிணறுகளில் என்ன தெரிந்தது என்று தமிழிலும் மலையாளத்திலும் எளிமையாக எழுதி, ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் அவர் கிணற்றின் அளவைத் தனியாகக் குறித்துக் கையில் கொடுங்கள், பஞ்சாயத்து ஆபீஸிலும் கிராம வாசகசாலையிலும் ஒரு பிரதி வையுங்கள். கேள்வி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முழுசாக ஒதுக்குங்கள், விவசாயி கேட்பதை மொழிபெயர்த்து வெளிநாட்டுக் கூட்டாளியிடம் சொல்ல ஒரு மாணவரை மேடையிலேயே உட்காரவையுங்கள். அடுத்த வருஷத்துக்கான நல்ல ஆய்வுக் கேள்விகள் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்.

விழா முடிந்த வாரத்திலேயே அந்தக் கேள்விகளையும், அடுத்த அளவீட்டுத் தேதிகளையும், யார் பொறுப்பு என்பதையும் ஒரே மெயிலில் கூட்டாளிக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மே மாதத்துக்குள் இது முடிந்தால், தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய அளவீட்டைப் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே எடுத்துவிடலாம்.